மொட்டை மாடியில் சோலார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் ஓடுகிறது. தெருவில் முதலில் போட்டது நாங்கள்தான். அதனால் அக்கம்பக்கத்தினர், சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் மாடிப்படி ஏறி வந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு வீடுகளுக்கு, நம்முடைய இரண்டு மாத மின்கட்டணக் கணக்குக்குப் பொருந்துபவை.

எங்கள் வீட்டுக்கு சோலார் தேவையா?

இதற்குப் பதில் உங்கள் மாடியில் இல்லை, இ.பி. கார்டில் இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தின் ஆறு ரீடிங்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய கார்டு இல்லாவிட்டாலும் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் மின்வாரியத்தின் இணையதளத்தில் பழைய பில்கள் கிடைக்கும். ஏஜென்ட் வந்து உட்கார்ந்து "உங்களுக்கு 5 கிலோவாட் போடலாம் சார்" என்று சொல்வதற்கு முன்பே இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் வேறு பட்டியல் வந்துவிடும். அதில் 101 முதல் 400 வரை 4.80, அடுத்த 100-க்கு 6.45, அடுத்த 100-க்கு 8.55, 601 முதல் 800 வரை 9.65, 1000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. இது 2024 ஜூலையில் வந்த கட்டணம். 2025 ஜூலை உயர்வு வீடுகளுக்கு வரவில்லை.

இதன்படி இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டின் பில் 705 ரூபாய். 500 யூனிட் வீட்டுக்கு 1,805. 800 யூனிட் வீட்டுக்கு 4,870. யூனிட் இரண்டே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, பில் ஏழு மடங்கு ஆகிவிடுகிறது. சோலார் வெட்டுவது இந்த மேல்தட்டு யூனிட்டுகளைத்தான் முதலில். அதனால் 9.65 ரூபாய் யூனிட் வாங்குகிற வீட்டுக்கு அது சட்டென்று பணத்தைத் திருப்பித் தருகிறது. 300 யூனிட் வீட்டுக்கு, மானியம் போக 45,000 ரூபாய் செலவு செய்து வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்தால், முதலில் பழைய சீலிங் ஃபேன்களை மாற்றச் சொல்கிறேன். 75 வாட் இழுக்கும் பழைய ஃபேனுக்குப் பதில் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாலு ஃபேன் மாற்றினாலே பில்லில் தெரியும்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஏ.சி. வாங்கப் போகிறீர்களா, மின்சார ஸ்கூட்டர் வரப் போகிறதா, மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறாரா? அப்படியானால் இன்றைய பில்லை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

எத்தனை கிலோவாட் போட வேண்டும்?

நம் ஊரில் 1 கிலோவாட் சோலார் நாளுக்கு சராசரியாக 4 யூனிட் தரும். நல்ல வெயில் மாதத்தில் 5-ஐத் தொடும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சில நாட்கள் 1 யூனிட்டுக்கே வந்துவிடும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 650-லிருந்து 720 யூனிட் எதிர்பார்க்கலாம்.

பகலில் மிஞ்சும் சோலார் மின்சாரம் வாரியத்துக்குப் போகும், நீங்கள் வாங்கியதில் அது கழியும். அதனால் 800 யூனிட் ஓடும் வீட்டில் 3 கிலோவாட் போட்டால் பில்லில் மிஞ்சுவது நூற்றைம்பது யூனிட்டுக்குள். அதில் 100 இலவசம். ஆக முழுவதையும் சோலாரில் எடுக்க வேண்டும் என்று 4 கிலோவாட்டுக்குப் போகத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டுக்குப் பதிலாகக் காசு கொடுத்து பேனல் வாங்குவதில் என்ன லாபம்? தேவைக்கு மேல் உற்பத்தி செய்தால் அந்த உபரி அடுத்த பில்லுக்குப் போகும், ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மீதிக்குக் கிடைக்கும் விலை மிகக் குறைவு. மாடியை மின் நிலையமாக்கிச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோலாரின் அளவு அதைத் தாண்டக் கூடாது. பழைய வீடுகளில் 1 அல்லது 2 கிலோவாட் என்றே இருக்கும். கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அது முதலிலேயே முடிய வேண்டிய வேலை.

மொத்தம் எவ்வளவு செலவு, மானியம் எவ்வளவு?

3 கிலோவாட்டுக்குப் பேனல், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டர், ஸ்டாண்ட், வயரிங், எர்த் எல்லாம் சேர்த்து 1.8 லட்சத்திலிருந்து 2.2 லட்சம் வரை கேட்கிறார்கள். ஸ்டாண்டை உயர்த்திப் போட்டால் விலை கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய கொட்டேஷனை நீட்டினால் இதைக் கேளுங்கள்.

மானியம் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கியது, ஒரு கோடி வீடுகள் இலக்கு, 2026-27 நிதியாண்டு வரை நடக்கிறது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000. ஆக 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான்.

800 யூனிட் வீட்டுக்கு 2 லட்சத்தில் 78,000 போனால் 1,22,000. வருடத்துக்கு ஏறக்குறைய 28,000 மிச்சமாகும். நாலரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். 500 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் போட்டால் ஏழு வருடம் போல ஆகும். யூனிட் விலையை மட்டும் வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. உங்கள் தாளில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

"இலவச சோலார்" என்று போன் வருகிறதே, உண்மையா?

இல்லை. திட்டத்தின் பெயரில் "முஃப்த் பிஜ்லி", அதாவது இலவச மின்சாரம் என்று இருக்கிறது. அது உற்பத்தியாகும் மின்சாரத்தைச் சொல்கிறது. பேனலை யாரும் சும்மா கொண்டு வந்து மாட்டப் போவதில்லை. முதலில் முழுப் பணத்தையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும், வேலை முடிந்து சோதனை ஆன பிறகு மானியம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியத்தை நாங்களே வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று பேசுகிறவர்களிடம் போனை வைத்துவிடுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கையில் பணம் இல்லாவிட்டால் பொதுத்துறை வங்கிகள் 3 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்கு 2 லட்சம் வரை பிணை இல்லாமல் கடன் தருகின்றன. மாதத் தவணை, இப்போது நீங்கள் கட்டும் பில்லில் பாதியைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. மின்சார பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது, தவணை மாதாமாதம் போவது. இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பம் எப்படி? எவ்வளவு நாள் ஆகும்?

திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண், கைபேசி எண் கொடுத்துப் பதிய வேண்டும். அங்கே பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்துதான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மின்வாரியத்தில் இருந்து வந்து பார்த்து, பழைய மீட்டரை எடுத்துவிட்டு இருவழி மீட்டர் வைப்பார்கள். அதன் பிறகு சான்று வரும், வங்கி விவரம் கொடுத்தால் மானியம் வரும். பேனல் மாட்டுவது இரண்டு மூன்று நாள் வேலை. நாள் இழுப்பதெல்லாம் மீட்டருக்குத்தான்.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு. மின் இணைப்பு இன்னும் தாத்தா பேரில் இருக்கும். வீட்டுப் பத்திரம் அப்பா பேரில், வரி ரசீது அண்ணன் பேரில். இணைப்பு யார் பேரிலோ அவர் பேரில்தான் விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு அப்புறம் சோலாருக்கு வாருங்கள். முன்பணம் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

பணத்தை மொத்தமாக முன்னால் கொடுக்காதீர்கள். பதியும்போது கொஞ்சம், சாமான் வீட்டுக்கு வந்து நீங்கள் சரிபார்த்த பிறகு பெரும்பகுதி, இருவழி மீட்டர் ஓட ஆரம்பித்த பிறகு மீதி. கடைசியில் ஒரு 10 சதவீதமாவது கையில் இருந்தால்தான் மீட்டருக்காக அவர்களும் அலைவார்கள்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

சாதாரண கிரிட் இணைப்பு சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் வாரியத்தின் லைனோடு இணைத்தது, ஓடாது. உச்சி வெயிலில் பேனல் சுட்டுக்கொண்டிருக்கும், வீட்டில் ஃபேன் நின்றிருக்கும். இதைக் கேட்டால் எல்லோருக்கும் அதிர்ச்சி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்துவார்களே, அன்று அந்த நாளின் உற்பத்தியில் பெரும்பகுதி போனதுதான்.

இதற்குக் காரணம் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன். லைனை ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பி அவர் கம்பியைத் தொடும்போது, உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பின்னால் போனால் உயிர் போய்விடும். அதனால் லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த கணமே இன்வர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். மெயின் சுவிட்சை அணைத்து இதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம், கரண்ட் இல்லாதபோதும் ஓடும்படி ஒரு வேலை செய்து தருகிறேன்" என்று எவராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி வைத்த யு.பி.எஸ். இருந்தால் அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்யும். நகரத்தில் மின்தடை அதிகம் இல்லாத வீட்டுக்கு அதுவே போதும். ஊர்ப்பக்கத்தில் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் போகிறது, வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருக்கும் நோயாளி இருக்கிறார் என்றால், லைனைத் துண்டித்துக்கொண்டு பேட்டரியோடு வீட்டுக்கு மட்டும் ஓடும் ஹைபிரிட் இன்வர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் நியாயமான செலவு. மற்றவர்களுக்கு பேட்டரி போட்டால் செலவு ஏறக்குறைய இன்னொரு பங்கு கூடும், பணம் திரும்பும் காலமும் தள்ளிப் போகும்.

மாடியில் எவ்வளவு இடம் வேண்டும்? எந்தப் பக்கம் வைக்க வேண்டும்?

இப்போது வரும் 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை போல இருக்கும். 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல். நடமாட இடம் விட்டு 250 சதுர அடி வேண்டும். தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதற்கு மேல் சாய்த்தால் காற்றுக்குத்தான் பிடி கொடுக்கும். தண்ணீர் வழிந்து ஓடவாவது சாய்வு வேண்டும், ஆகவே படுக்கையாகவும் வைக்கக் கூடாது.

நிழல்தான் பெரிய விஷயம். பேனல்களை ஒரு சரமாகக் கோத்திருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் அந்த ஒன்றோடு நிற்காது. நிழல் விழுந்த பகுதியை விட்டுவிட்டு மின்சாரத்தைச் சுற்றிப் போகவிடும் பைபாஸ் டையோடுகள் பேனலுக்குள் இருக்கின்றன, அவை நட்டத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. ஒரு தென்னை மட்டையின் நிழல் காலை முழுவதும் ஊர்ந்து போனால் அந்தக் காலை உற்பத்தி கண்ணுக்குத் தெரிந்து குறையும்.

நாங்கள் போட்டபோது நிறுவன ஆள் செல்போனில் திசை பார்த்துவிட்டு, படிக்கட்டு அறைக்கு வடக்கே இடம் காட்டினார். அது மார்கழி மாதம். அவர் போன பிறகு அம்மா கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். காலை எட்டு மணிக்கு, பத்துக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு என்று நிழல் நின்ற இடத்திலெல்லாம் மாவால் கோடு இழுத்தோம். மறுநாள் பார்த்தால் அவர் காட்டிய இடத்தில் பாதிக்கு மேல் கோட்டுக்குள் இருந்தது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் படிக்கட்டு அறை, தண்ணீர் டேங்க் எல்லாவற்றின் நிழலும் வடக்கே நீளும். திருச்சியில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும், அப்போது நிழல் தெற்கே விழும், ஆனால் குட்டையாகத்தான் விழும். ஆகவே டேங்குக்கும் படிக்கட்டு அறைக்கும் தெற்கே பேனல் வருவது நல்லது. வேறு மாதத்தில் இடம் பார்த்தால் மார்கழி நிழலை மனதில் வைத்துப் பாருங்கள்.

பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே நாளை மாடி எழும்பும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 25 வருடப் பொருள் இது.

ஸ்டாண்ட் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

தாழ்வாகப் போட்டால் விலை குறைவு, காற்றுக்கும் பாதுகாப்பு. ஏழு எட்டு அடி உயர்த்திப் போட்டால் கீழே வடாம் காயப் போடலாம், துணி உலர்த்தலாம், மாடிக்கும் நிழல் கிடைத்து கீழ் அறையில் சூடு குறையும். எங்கள் வீட்டில் உயர்த்தித்தான் போட்டோம். ஆனால் உயரம் கூடக் கூட இரும்பும் கனக்க வேண்டும், அடிப்பகுதியும் கனக்க வேண்டும். அதில் மிச்சம் பிடிக்கிறவர்கள் நிறைய.

2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. டெல்டாவின் தென்னந்தோப்புகளையே சாய்த்துப் போட்ட காற்று அது. வேதாரண்யத்தில் என் சித்தப்பா வீட்டில் சோலார் போட்டது அதற்கெல்லாம் பிறகு. புயல் எதுவும் வராமலே மூன்றாம் வருடம் போய்ப் பார்த்தேன். பேனல் பளிச்சென்று இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை விரலால் தேய்த்தால் துரு பொடிப்பொடியாக உதிர்கிறது, நட்டின் மூலைகள் கரைந்து உருண்டையாகிவிட்டன. உப்பளக் காற்றில் சாதாரண இரும்பு போல்ட் போட்டிருக்கிறார்கள். "ஏன் சித்தப்பா, போல்ட்டைப் பார்க்கவே இல்லையா?" என்றேன். "பேனல் நல்ல பேனலான்னுதான்டா பார்த்தேன்" என்றார். மறுவாரம் எல்லா போல்ட்டையும் மாற்றினோம்.

ஆகவே ஸ்டாண்ட் இரும்பு சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்க வேண்டும், பூச்சு 80 மைக்ரான் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்தது அதற்கு ஈடாகாது. வெட்டிய இடத்தில், வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். நட்டு போல்ட் துருப்பிடிக்காத எஃகு, 304 தரம். கடலோர ஊர்களில் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

தளத்தைத் துளை போட்டால் ஒழுகாதா?

துளை போடுகிற விதத்தைப் பொறுத்தது. நம் மாடிகளில் மேலே தட்டோடு, அதன் கீழே சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி, அதற்கும் கீழேதான் கான்கிரீட். தட்டோட்டை மட்டும் துளைத்து ஆணி அடித்தால் பிடிமானமும் இராது, மழைநீரும் உள்ளே இறங்கும். ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் கீழே கான்கிரீட் பீடம் கட்டி, அதற்குள் போல்ட்டைப் புதைத்து, ஓரத்தில் நீர்க்காப்புப் பூசுவது நல்ல முறை. பீடம் இறுக ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும், அதற்கு முன் பேனல் ஏற்ற அனுமதிக்காதீர்கள். தளம் ஏற்கெனவே ஒழுகினால் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் சோலார் போடுங்கள்.

கான்கிரீட் தளத்துக்கு எடை ஒரு பிரச்சினை இல்லை. மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டாமல் போட வேண்டாம். ஓட்டு வீட்டுக் கூரையின் மேல் வேண்டவே வேண்டாம், கொல்லையில் நிழல் இல்லாத இடம் இருந்தால் தரையில் ஸ்டாண்ட் போடலாம்.

எந்த பேனல் நல்லது?

மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். பேனல் என்பார்கள், விலை சற்றுக் கூடுதல். மோனோ பெர்க், டாப்கான் என்று இரண்டு வகை செல் உண்டு, எதுவானாலும் சரி. டாப்கான் வெயில் சூட்டில் கொஞ்சம் குறைவாகச் சோரும். இரண்டு பக்கமும் ஒளி வாங்கும் பைஃபேஷியல், மாடிக்கு வெள்ளை அடித்து உயரமாகப் போட்டவர்களுக்குச் சற்றுப் பயன்படும். பிராண்டு பேரில் ரொம்ப மண்டையை உடைக்காதீர்கள். பேனல் வந்ததும் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற்றிவிட்டால் எடுப்பது கஷ்டம், உத்தரவாதம் கேட்கும்போது அதுதான் ஆதாரம்.

வழக்கமாக 25 வருட உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள். அதாவது வருடத்துக்கு அரை சதவீதம், முக்கால் சதவீதம் என்று மெல்லக் குறைந்தாலும் சொன்ன அளவுக்குக் கீழே போகாது என்பது. உடைப்பு, தயாரிப்புக் குறைக்கான உத்தரவாதம் வேறு, 10 அல்லது 12 வருடம். இன்வர்ட்டருக்கு 5 முதல் 10 வருடம். இடையில் ஒரு முறை இன்வர்ட்டர் மாற்ற வேண்டி வரும் என்று பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வர்ட்டரின் ஆப் 12 யூனிட் உற்பத்தி காட்டுகிறது, இ.பி. மீட்டரில் 7தான் போயிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. மின்சாரம் முதலில் உங்கள் வீட்டுக்குள்தான் போகிறது. அப்போது ஓடும் ஃபிரிஜ், மோட்டார், மிக்ஸி எடுத்தது போக மிஞ்சியதுதான் வெளியே போகும். 12-ல் 5 யூனிட்டைப் பகலிலேயே நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள். இருவழி மீட்டரில் இரண்டு எண்கள் மாறி மாறி வரும், ஒன்று வாரியத்திடமிருந்து வாங்கியது, இன்னொன்று நீங்கள் கொடுத்தது. பில் இந்த இரண்டின் வித்தியாசத்துக்கு. உங்கள் மொத்த உற்பத்தியை அந்த மீட்டர் ஒருபோதும் காட்டாது. முதல் சில மாதங்களுக்கு ரீடிங் எடுக்கும் நாளில் இரண்டு எண்ணையும் நீங்களும் குறித்து வைத்துப் பில்லோடு ஒப்பிடுங்கள்.

சித்திரை வெயிலில்தானே அதிகம் வரும்?

பேனலுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. அக்கினி நட்சத்திரத்தில் பேனலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். வானம் தெளிந்து, சூடும் சித்திரை அளவுக்கு ஏறாத மாசி, பங்குனிதான் எங்கள் வீட்டில் நல்ல மாதங்கள். பேனலுக்கு அடியில் காற்றோட்டம் வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை, விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது. மதியம் சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. மென்மையான மாப் போதும், சோப்புத்தூள் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த பிறகு வெள்ளையாகப் படியும், அது நாளடைவில் போகவே போகாது. குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் உடனே வைப்பரால் வழித்துவிடுங்கள். காக்கை எச்சத்தைக் கண்ட அன்றே துடையுங்கள். பேனல் மேல் ஏறி நிற்காதீர்கள். கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழும்.

வேறு என்ன கெடும்?

எங்கள் வீட்டில் ஒரு காலையில் ஆப் பூஜ்யம் காட்டியது. இன்வர்ட்டரில் மின்காப்பு (இன்சுலேஷன்) கோளாறு என்று சிவப்பு விளக்கு. பேனலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் அணில் கூடு, தேங்காய் நாரும் பஞ்சுமாக. பக்கத்தில் கறுப்பு வயரின் மேல் தோல் கடிபட்டுச் செம்பு மின்னியது. வேலை செய்தவர்கள் வயரைக் குழாய்க்குள் விடாமல் ஸ்டாண்டோடு டை போட்டுத் தொங்க விட்டிருந்தார்கள். அந்த இடத்தைக் கையால் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆறு பேனல் கோத்த சரத்தில் 250-லிருந்து 300 வோல்ட் வரை இருக்கும், வெயில் இருக்கும் வரை அதை யாராலும் அணைக்க முடியாது. இன்வர்ட்டரை நிறுத்தினாலும் பேனல் முதல் இன்வர்ட்டர் வரையிலான வயரில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். இப்போது எல்லா வயரும் குழாய்க்குள் போகிறது, சுற்றிலும் கம்பிவலை அடித்திருக்கிறோம். நீங்கள் முதல் நாளிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

தீப்பிடித்த கதைகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் வயர் இணைப்பு தளர்ந்திருந்ததால், அல்லது இரண்டு வேறு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று செருகியதால் சூடாகி எரிவது அது. எர்த் மூன்று தனித்தனியாக வேண்டும்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. மூன்றையும் ஒரே குழியில் இறக்கி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. குழி தோண்டும்போது பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.

கிராமத்து லைனின் கடைக்கோடியில் வீடு இருந்தால், மதியம் மின்னழுத்தம் ஏறி இன்வர்ட்டர் அடிக்கடி நின்றுவிடலாம். அது பேனல் கோளாறு இல்லை. ஆப்பில் வரும் வோல்ட் அளவைப் படம் எடுத்துக்கொண்டு இ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள்.

அபார்ட்மெண்ட்டில் போடலாமா?

மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தனி ஒருவர் போட முடியாது. லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்குச் சேர்ந்து போடுவது நல்ல வழி. குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. பராமரிப்புத் தொகை குறைவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதால் கூட்டத்தில் பேசி ஒப்புக்கொள்ள வைப்பதும் எளிது.

வாடகை வீட்டில்?

மானியம் வீட்டு உரிமையாளருக்குத்தான். நீண்ட காலம் இருக்கப் போகிறீர்கள் என்றால் உரிமையாளரைப் போடச் சொல்லி, வாடகையில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் மேலே மாடி கட்ட வேண்டி வந்தால்?

கழற்றி மேலே மாற்றலாம். போல்ட் போட்ட ஸ்டாண்டாக இருந்தால் இரண்டு நாள் வேலை, வெல்டிங் செய்ததாக இருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், வெட்டிய இடமெல்லாம் துருப்பிடிக்கும். மூன்று நாலு வருடத்தில் மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே போல்ட் ஸ்டாண்ட் கேளுங்கள், வயரை இரண்டு மீட்டர் கூடுதலாகச் சுருட்டி விட்டு வைக்கச் சொல்லுங்கள்.